பூட்டிய பீரோவும் ஐம்பது நாள் லீவும்

ஏப்ரல் மாதக் கடைசி. புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. முழுப்பரீட்சை முடிந்து, அன்றைக்குக் கடைசி வேலைநாள். சுவரில் தொங்கிய சார்ட்டுகளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார் ஆசிரியை. பிள்ளைகள் நூல்கயிற்றில் கோத்துக் கட்டியிருந்த கதைப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார்கள். எல்லாம் பச்சை நிற இரும்பு பீரோவுக்குள் போயின. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அட்டையில் யானை.

“டீச்சர், இத மட்டும் லீவுல வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டா?”

“வேணாம்டா தங்கம். கிழிஞ்சா, தொலைஞ்சா டீச்சர்தான் கணக்கு சொல்லணும்.”

சிறுமி அடம்பிடிக்கவில்லை. கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பீரோவின் கைப்பிடி திரும்பியது, சாவி தலைமையாசிரியரின் கைப்பைக்குள் விழுந்தது. இனி அது ஜூனில்தான் வெளியே வரும். அந்த ஆசிரியை நல்லவர், பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். அவரே இப்படிச் சொல்லவேண்டி வந்ததைத்தான் ஊர் திரும்பும் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளின் படிப்பு என்றவுடன் நம் நினைப்பு டியூஷனுக்கும் சம்மர் கேம்ப்புக்கும்தான் ஓடுகிறது. எனக்கு அந்த பீரோதான் நினைவுக்கு வருகிறது.

ஜூனில் தெரியும் கணக்கு

தொடக்கப் பள்ளி ஆசிரியர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஏப்ரலில் ஒரு பத்தியைத் தடதடவென்று வாசித்த பிள்ளை, ஜூனில் விரல் வைத்து எழுத்துக் கூட்டும். ‘கொ’வையும் ‘கௌ’வையும் பார்த்து நிற்கும். 52இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டால், கடன் வாங்க மறந்து 7இல் 2ஐக் கழித்து 35 என்று எழுதும். வாய்ப்பாட்டில் ஆறும் ஏழும் நழுவிப்போயிருக்கும்.

பிள்ளை சோம்பேறி என்பதால் வருவதல்ல இந்தத் தடுமாற்றம். ஏழெட்டு வயதில் வாசிப்பு இன்னும் பழக்கமாக ஊறியிருக்காது. சைக்கிளில் குரங்கு பெடல் போடக் கற்ற பிள்ளையிடமிருந்து ஒரே வாரத்தில் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும்? அதேதான். எழுத்தை ஒலியாக்கவே மூளையின் தெம்பெல்லாம் செலவாகும் வயதில், நாள்தோறும் கொஞ்சம் புழங்கினால்தான் கை வரும். சரளமாகப் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு மாத இடைவெளி பெரிய சேதமில்லை. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெரிய சேதம்.

இதை உலகம் நெடுநாளாக ஆராய்ந்திருக்கிறது. ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது குழுவினரும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் ஒரு முடிவு சொன்னார்கள். கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்புக்குச் சமமான திறன் பிள்ளைகளுக்குக் குறைகிறது, வாசிப்பைவிடக் கணக்கில் அடி பலம் என்பது அவர்கள் கண்டது. பால்டிமோர் நகரில் டோரிஸ் என்ட்விசில், கார்ல் அலெக்சாண்டர் இருவரும் 1982இல் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பின்தொடரத் தொடங்கினார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறார்கள். பள்ளி மூடியதும் ஏழைப் பிள்ளை நின்றுவிடுகிறது, வசதியான பிள்ளை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. பள்ளி என்னும் குழாய் திறந்திருக்கும்வரை எல்லாருக்கும் தண்ணீர், மூடினால் வீட்டில் தொட்டி வைத்திருப்பவனுக்கு மட்டும் தண்ணீர் என்பதுபோல அவர்கள் விளக்கினார்கள். குழாயடியில் குடத்தோடு நின்று பழகிய நமக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பின்னால் வந்த சில ஆய்வாளர்கள் அந்தக் காலத் தேர்வுகளின் அளவுகோலிலேயே கோளாறு இருந்தது, இழப்பைக் கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்று மறுத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் முன்னே நகர்வதில்லை என்பதை அவர்களும் மறுக்கவில்லை.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு நம் வீட்டுக் கதையே இருக்கிறது. 2020 மார்ச்சில் பூட்டிய தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. நாம் கண்டதிலேயே நீண்ட லீவு அதுதான். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் நம் மாநிலத்தின் 220 கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதித்தார்கள். இழப்பு பெரிதாக இருந்தது, மொழியைவிடக் கணக்கில் அதிகம் இருந்தது. அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள். அப்படி மீண்டதில் 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இல்லம் தேடிக் கல்வி என்ன செய்தது? 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், ஊரிலேயே இருந்த படித்த பெண்கள் சாயங்காலத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். கோயில் மண்டபம், வீட்டு வாசல், வேப்பமரத்தடி என்று கிடைத்த இடத்தில் ஒன்றரை மணி நேரம் பாட்டு, கதை, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா செய்த வேலை ஆய்வாளர்களின் எண்ணிலேயே தெரிகிற அளவுக்குப் பலன் தந்திருக்கிறது. நம் தெருவுக்குள்ளேயே மருந்து இருந்தது என்பதை இதைவிடப் பெரிய சான்று வைத்து யாரும் சொல்ல வேண்டியதில்லை.

யாருடைய பிள்ளை தவறவிடுகிறது?

வெயிலும் லீவை நீட்டுகிறது. 2023இல் ஜூன் தொடக்கத்தில் திறக்கவேண்டிய தொடக்கப் பள்ளிகள் ஜூன் 14க்குத் தள்ளிப்போயின. 2024இல் ஜூன் 10. பிள்ளைகளின் உடம்பைக் காக்க அது சரியான முடிவுதான். ஆனால் பள்ளி மூடும்போது படிப்பு மட்டுமா நிற்கிறது? காலை உணவும் மதிய உணவும் சேர்ந்தே நிற்கின்றன. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. வயிறு லீவு எடுப்பதில்லை என்பது அந்த நீதிபதிகளுக்குப் புரிந்திருந்தது. காலியான வயிற்றோடு இருக்கும் பிள்ளையிடம் கதைப் புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது இது நம் நினைவில் இருக்கவேண்டும்.

செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போய்விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பத்து வயது அக்காக்கள் இருக்கிறார்கள். “லீவுதானே, சும்மாதானே இருக்கான்” என்று பட்டறையிலோ கடையிலோ நிறுத்தப்பட்டு, கையில் காசு புழங்கிப் பழகிய பையன் ஜூனில் பள்ளிக்குத் திரும்பாமலே போவதும் உண்டு. இடைநிற்றல் என்று ஜூலையில் பதிவேட்டில் எழுதப்படும் பல பெயர்கள் மே மாதத்திலேயே பள்ளியை விட்டுப் போய்விட்டவை.

இன்னொரு பக்கம் நகரத்தில் வேறு கொடுமை. காலை ஏழுக்கு நீச்சல், ஒன்பதுக்கு அபாகஸ், பதினொன்றுக்கு கீபோர்டு, சாயங்காலம் கோடிங். பள்ளி நாளில் கிடைக்கிற மூச்சுகூட அந்தப் பிள்ளைக்கு லீவில் கிடைப்பதில்லை. பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு ஏப்ரல் மாதமே ‘போர்ஷன்’ ஆரம்பிக்கும் தனியார் பள்ளிகளும் உண்டு. சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித் துறை ஆண்டுதோறும் சுற்றறிக்கை அனுப்புகிறது. ஆண்டுதோறும் வகுப்பும் நடக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் சீருடை போட்டு வேனில் அடைத்து அனுப்பப்படும் அந்தப் பிள்ளைக்கு நாம் செய்வது அநியாயம். பெற்றோரே கேட்பதால்தான் நடத்துகிறோம் என்று பள்ளிகள் சொல்கின்றன. அப்படியானால் கேட்பதைப் பெற்றோர்தான் நிறுத்தவேண்டும்.

ஏழு காய் மர்மம்

போன மே மாதம் எங்கள் அம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கை மகள் லீவுக்கு வந்திருந்தாள். எட்டு வயது. முதல் இரண்டு நாள் போனும் கையுமாகவே இருந்தாள். மூன்றாம் நாள் மதியம் கரண்ட் போய்விட்டது, போனிலும் சார்ஜ் இல்லை. அம்மா பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கித் துடைத்தார்கள். புளியங்கொட்டையைக் குழிக்கு ஐந்தாகப் போட்டு ஆட்டம் ஆரம்பமானது.

எங்கள் வீட்டு விதி எளிது. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளவேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு அந்த முறை முடிந்தது. நடுவே எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது ‘பசு’, அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம்.

முதல் ஆட்டத்தில் அவள் ஓரக் குழியில் தொடங்கினாள். ஏழு காய் கிடைத்தது. அடுத்த ஆட்டத்தில் நடுக்குழியில் தொடங்கினாள். அப்போதும் ஏழு. அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “பெரியம்மா, அம்மாச்சி ஏதோ மந்திரம் பண்றாங்க” என்றாள். பிறகு தானே ஒவ்வொரு குழியாகத் தொடங்கிப் பார்த்தாள். பதினாலு குழியிலும் ஏழே ஏழுதான்.

“ஏன் அம்மாச்சி?”

“தெரியலையே கண்ணு. நீயே பாரு.”

அம்மாவுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. அந்தச் சிறுமி அன்று சாயங்காலம்வரை பலகையை விடவில்லை. கடைசியில், “எல்லாக் குழியிலும் அஞ்சு அஞ்சா இருக்கறப்போ எது முதல் குழி, எது கடைசிக் குழின்னே கிடையாது. வட்டமாத்தானே சுத்துது. அதான் எல்லாம் ஒண்ணு” என்று வந்து சொன்னாள். சமச்சீர் என்று கணக்குப் புத்தகத்தில் பின்னால் அவள் படிக்கப்போகிற பாடம் அது. மறுநாள் குழிக்கு ஆறு போட்டால் என்ன வரும் என்று அவளாகவே ஆரம்பித்தாள். கழித்தல், கூட்டல், முன்னே ஏழெட்டுக் குழியை மனசுக்குள்ளேயே நடந்து பார்த்துவிட்டு வருவது எல்லாம் அந்த ஒரு பலகையில் நடந்தன. ஒரு ஒர்க்ஷீட்டும் தேவைப்படவில்லை.

தாயம் உருட்டத் தெரிந்த பிள்ளைக்குக் கூட்டல் தானே வரும். மூன்று புலியும் பதினைந்து ஆடும் வைத்து ஆடுபுலி ஆட்டம் ஆடுகிற பிள்ளை, எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று யோசிக்கப் பழகும். வாரச் சந்தைக்கு 200 ரூபாயைக் கையில் கொடுத்து அழைத்துப்போய், தக்காளி முக்கால் கிலோ, வெங்காயம் அரைக் கிலோ வாங்கி மீதியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பின்னம் என்றால் பயப்படும் பிள்ளை முக்காலையும் அரையையும் அங்கே தெரிந்துகொள்ளும். தோசை மாவுக்கு நாலுக்கு ஒன்று உளுந்து என்பதும் விகிதம்தான்.

கிணறு இருக்கிற ஊரில் நீச்சலும் இந்த லீவில்தான். எங்கள் காலத்தில் காய்ந்த சுரைக்குடுவையை முதுகில் கட்டி மாமா கிணற்றுக்குள் இறக்கிவிடுவார். ஒவ்வொரு கோடையிலும் ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் படித்து வயிறு எரிகிறது. பெரியவர் துணையோடு நீந்தக் கற்றுக்கொடுங்கள், துணையின்றித் தண்ணீருக்கு அனுப்பாதீர்கள். மாவட்ட விளையாட்டு அரங்கங்களில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் நடத்தும் கோடைக்காலப் பயிற்சி முகாம்களைப் பல பெற்றோர் கேள்விப்பட்டதே இல்லை. ஏப்ரலிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

படிக்கத் தெரியாத அம்மா என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். “எனக்கே எழுத்துக் கூட்டத் தெரியாது, நான் எங்க சொல்லிக்குடுக்க?”

சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், அல்லது பூக்கட்டும்போது, வெங்காயம் உரிக்கும்போது, பிள்ளையை ஒரு கதையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பதினைந்து நிமிஷம். “அப்புறம் நரி என்னாச்சு?” என்று நடுவே கேளுங்கள். “நம்ம ஊரா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?” என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் திட்டாமல் காத்திருங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்றாலே பிள்ளை வாசிக்கும். எங்கள் அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். பேத்தி வாசித்த காக்கா கதையைக் கேட்டுவிட்டு, “இல்லடி, அந்தக் காக்கா கடைசியில இப்படிச் செஞ்சிருக்காது” என்று வேறு முடிவு சொன்னார்கள். பேத்தி சண்டைக்கு நின்றாள். அம்மாச்சி சொன்ன முடிவையும் எழுதிவைக்கிறேன் என்று நோட்டை எடுத்தாள். லீவில் அவள் எழுதிய முதல் ஒன்றரைப் பக்கம் அது.

வாசிக்கப் புத்தகம் வேண்டுமே? நாம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சென் என்ற ஆய்வாளர்கள் ஃப்ளோரிடாவின் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் ஒரு காரியம் செய்தார்கள். லீவு விடும்போது பிள்ளைக்கு 12 புத்தகம், பிள்ளையே தேர்ந்தெடுத்தது, தன்னுடையதாகவே வைத்துக்கொள்ளலாம். மூன்று கோடைகள் இப்படிக் கொடுத்தார்கள். புத்தகம் பெற்ற பிள்ளைகள் வாசிப்பில் பெறாதவர்களைவிடத் தெளிவாக முன்னே நின்றார்கள் என்று 2010இல் வெளியிட்டார்கள். வாத்தியார் கிடையாது, வகுப்பு கிடையாது. பிடித்த புத்தகம் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

நம்மிடம் புத்தகம் இல்லையா? நிறைய இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் மெல்லிய அழகான கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. 2022 முதல் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் வருகின்றன. 1987 முதல் வரும் ‘துளிர்’ அறிவியல் இதழின் பழைய பிரதிகளைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். எல்லாம் மே மாதம் முழுக்கப் பீரோவுக்குள். பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும் ஒரே மாதத்தில் புத்தகம் பூட்டிக் கிடக்கிறது.

காரணம் அந்த ஆசிரியை சொன்னதுதான், கணக்கு. இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் தலைமையாசிரியர் பதில் சொல்லவேண்டும். ஆனால் மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே, நூலகத்தில் வழங்கப்படும் 1,000 புத்தகங்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்றுக்கொள்கின்றன. அதேபோல் தமிழக அரசும் பள்ளிப் புத்தகங்களுக்கு ஒரு வரம்பு சொல்லி, இவ்வளவு கிழியலாம், இவ்வளவு தொலையலாம், யாரும் கையிலிருந்து கட்டவேண்டாம் என்று ஒரே ஒரு ஆணை போட்டால் போதும். பிள்ளையின் கைபட்டுக் கிழிந்த புத்தகம் தன் வேலையைச் செய்து முடித்த புத்தகம். புதிதுபோல் இருக்கும் புத்தகத்தைப் பார்த்துத்தான் நாம் வருத்தப்படவேண்டும்.

புத்தகம் வீடு தேடிப் போவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1931இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன். புத்தகங்கள் பயன்படுத்தவே என்பதை முதல் விதியாக வைத்து அவர் தன் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948இல் இயற்றியதும் சென்னை மாகாணம். ரோடே இல்லாத ஊருக்கு மாட்டுவண்டியில் புத்தகம் போன நாடு இது. தார் ரோடு போட்ட ஊரின் பள்ளி பீரோவிலிருந்து இருநூறடி தள்ளியிருக்கும் வீட்டுக்குப் புத்தகம் போகாது என்பதை ஏற்க முடியவில்லை.

ஆணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்கள். ஏப்ரல் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். பிள்ளைக்கு ஐந்து புத்தகம், ஒரு நோட்டில் பெயரும் கையெழுத்தும், தொலைந்தால் குழு பொறுப்பு என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். தெருவுக்கு ஒரு கல்லூரிப் பெண், ஒரு திண்ணை, வாரத்தில் மூன்று சாயங்காலம் இருந்தால் பிள்ளைகள் புத்தகத்தை மாற்றிக்கொள்வார்கள்.

உங்கள் ஊரில் நூலகம் இருந்தால் இந்த வாரமே பிள்ளையைக் கூட்டிப்போய் உறுப்பினராக்குங்கள். எந்தப் புத்தகம் வேண்டும் என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும், காமிக்ஸ் எடுத்தாலும் தடுக்காதீர்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. திறந்திருக்கும் நாள் பார்த்துப் போங்கள்.